இரண்டாவது கேசட்

எங்கள் ஊர் மாரியம்மன் கொடைக்கு 1986-இல் ‘கர்ணன்’ படம் போடுவதென்று முடிவானது. ஊர் என்றால் போனக்காடு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். காணித்தடம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் தேயிலைச் சரிவுகளும் லயங்களும். கொழுந்து எடுக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

விதுராவில் ஒரு கடையில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்குக் கொடுப்பார்கள். ‘கர்ணன்’ மூன்று மணி நேரப் படம் என்பதால் இரண்டு கேசட். டெக் வந்தது, டிவி வந்தது, முதல் கேசட்டும் வந்தது. இரண்டாவதை வேறு யாரோ கொண்டுபோயிருந்தார்கள், நாளைக் காலைப் பஸ்ஸில் அனுப்புகிறோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி முதல் கேசட்டைப் போட்டார்கள். கிருஷ்ணர் தூது போவதற்குக் கொஞ்சம் முன்னால் திரை வெள்ளையாகிக் கொரகொரத்தது. நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்போம்.

மறுநாள் பஸ் வந்தது, கேசட் வரவில்லை. டெக்குக்குத்தான் வாடகை ஓடுகிறதே என்று அன்றைக்கும் முதல் கேசட்டையே போட்டார்கள். மூன்றாம் நாளும் அதேதான். அதற்குள் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் எல்லாம் செய்தி பரவி, பந்தம் கொளுத்திக்கொண்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். நாலாம் நாள் இரண்டாவது கேசட் வந்து சேர்ந்தபோது, காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் உட்கார இடமில்லை. கர்ணன் சாவான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அவன் சாவதைப் பார்க்க மூன்று நாள் காத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது பதினாலு வயது. பின்னாளில் சோறு போட்டதும் இதே விவகாரம்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் திருவனந்தபுரம் தியேட்டர்களில் விநியோகஸ்தர்களின் ரெப்பாக வேலை பார்க்கிறேன். ரெப் என்றால் பிரதிநிதி. படம் ஓடும் தியேட்டரில் காட்சிக்குக் காட்சி எத்தனை டிக்கெட் போனது என்று பார்த்து, ராத்திரி தினசரி வசூல் கணக்கான டிசிஆரில் கையெழுத்துப் போடுகிறவன். படத்தை நான் முழுதாகப் பார்ப்பது அபூர்வம். பார்ப்பதெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைகளை.

2022 அக்டோபரில் போனக்காட்டிலிருந்து என் சித்தியைக் கூட்டிவந்து ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் காட்டினேன். கடலில் கப்பல் உடைகிறது, அருண்மொழி மூழ்குகிறான், ஒரு கிழவி தண்ணீருக்குள் பாய்கிறாள், அவள் முகம் நந்தினியின் முகமாக இருக்கிறது, விளக்கு போட்டுவிட்டார்கள். சித்தி எழுந்திருக்கவில்லை.

“மீதி எப்பம்?”

“அடுத்த வருசம் சித்தி.”

“அதுக்கும் டிக்கெட்டு எடுக்கணுமா?”

“எடுக்கணும்.”

“ஒரே படத்துக்கு ரெண்டு தடவ ரூவா குடுக்கணுமாக்கும்!”

கூட்டிவந்த என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தாள். அவள் கேட்டதை ஹாலிவுட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை எல்லாத் தயாரிப்பாளர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரெண்டு தடவை கொடுப்பார்களா?

பதில் தேட முதலில் காசு எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடலாம். போஸ்டரில் ‘500 கோடி’ என்று போடுவார்கள். அது கிராஸ், அதாவது ரசிகர்கள் கவுண்டரில் கொடுத்த மொத்தப் பணம். ஒரு 150 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொண்டால், கேரளத்தில் ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி, செஸ் எல்லாம் போக 115 ரூபாய் பக்கம் நிற்கும். இது நெட். அதில் முதல் வாரம் 60 சதவீதம் விநியோகஸ்தருக்கு, 40 தியேட்டருக்கு. வாரம் போகப்போக விநியோகஸ்தரின் பங்கு இறங்கும். இந்த 60-40 வேண்டாம், 50-50 ஆக்குங்கள் என்று கேட்டுத்தான் 2016 டிசம்பரில் கேரளத்து ஏ கிளாஸ் தியேட்டர்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். கிறிஸ்துமஸ் படங்கள் பெட்டிக்குள் கிடந்தன. தகராறு 2017 ஜனவரி நடுவில்தான் தீர்ந்தது. ஆக 150 ரூபாயில் விநியோகஸ்தர் கைக்கு வருவது 70 ரூபாய் பக்கம். அதில் கமிஷன், விளம்பரம் போக மிச்சம்தான் தயாரிப்பாளருக்கு. 500 கோடி கிராஸ் படத்தின் தயாரிப்பாளர் வீட்டில் 500 கோடி இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு வசூல் எண்களுக்கு அதிகாரபூர்வக் கணக்கு என்று ஒன்று கிடையாது. தயாரிப்பாளர் சொல்வது, டிராக்கர்கள் சொல்வது, நாங்கள் கையெழுத்துப் போட்டது என்று மூன்று எண் இருக்கும். 2025 தொடக்கத்தில் கேரளத் தயாரிப்பாளர் சங்கம் படங்களின் செலவையும் தியேட்டர் பங்கையும் மாதவாரியாகப் பட்டியல் போட்டு வெளியிட ஆரம்பித்தபோது பல போஸ்டர்களின் சாயம் வெளுத்தது. ஆகையால் இனி வரும் ரூபாய்க் கணக்குகளையெல்லாம் ‘ஏறத்தாழ’ என்று படியுங்கள்.

படத்தைப் பிரிக்கும் வித்தை நம் ஆட்கள் கண்டுபிடித்தது கிடையாது. 1973-இல் சால்க்கைண்ட் என்ற தயாரிப்பாளர் குடும்பம் ‘த்ரீ மஸ்கடியர்ஸ்’ எடுத்தது. இடைவேளை விட்டு ஓடும் ஒரு பெரிய படம் என்றுதான் பேச்சு. நடிகர்களுக்கும் ஒரு படத்துக்கான சம்பளம்தான். குறித்த தேதிக்கு முழுப் படம் தயாராகாது என்று தெரிந்ததும் இரண்டாக வெட்டி, மீதியை அடுத்த வருடம் ‘ஃபோர் மஸ்கடியர்ஸ்’ என்று வெளியிட்டார்கள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு படம் நடித்திருக்கிறோமே என்று நடிகர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஹாலிவுட் நடிகர் ஒப்பந்தங்களில், எத்தனை படத்துக்கு இந்தச் சம்பளம் என்று தெளிவாக எழுதும் ஷரத்து வந்தது. அதற்கே ‘சால்க்கைண்ட் ஷரத்து’ என்று பெயர்.

ஏன் வெட்டுகிறார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. அரண்மனை செட் ஒருமுறை போட்டால் போதும். குதிரை, யானை, வாள், உடை எல்லாம் ஒரே தடவை. கால்ஷீட்டைச் சேர்த்து வாங்கினால் மலிவு. இரண்டாம் பாகத்துக்குக் கூடுதலாக ஆவது முழுப் படத்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான். விற்கும்போதோ எல்லாம் இரண்டு: இரண்டு சாட்டிலைட், இரண்டு ஓடிடி, இரண்டு ஆடியோ, இரண்டு தீபாவளி. ஒரு ஆட்டைக் கொண்டு இரண்டு கிடா விருந்து.

சரி, வசூல் எப்படி? தொடர்படங்களின் கடைசிக் கதையை இரண்டாக வெட்டும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது ஹாரி பாட்டர். ஏழாவது புத்தகத்தை 2010, 2011 என்று இரண்டு வருடம் விட்டார்கள். முந்தைய ஆறாவது படம் உலகம் முழுக்க 93 கோடி டாலர் வசூலித்திருந்தது. வெட்டிய முதல் பாதி 96 கோடிக்கு வந்தது. இரண்டாம் பாதி 134 கோடி! இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் பாதியையும் 3டி-யில் விடத்தான் நினைத்தார்கள். வேலை முடியாது என்று கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். இரண்டாம் பாதி 3டி-யில் வந்தது. 3டி டிக்கெட் விலை அதிகம். டாலர் கூடிய அளவுக்குத் தலைகள் கூடியிருக்காது. எங்கள் தொழிலில் வசூலைப் பார்க்காதே, தலையை எண்ணு என்பார்கள்.

பாட்டர் வழியில் ‘ட்வைலைட்’ போனது. அதன் கடைசிப் புத்தகத்தின் முதல் பாதி 71 கோடி, இரண்டாம் பாதி 83 கோடி டாலர். அடுத்து ‘ஹங்கர் கேம்ஸ்’. அங்கே காற்று மாறியது. வெட்டாத இரண்டாவது படம் 86 கோடி. வெட்டிய கடைசிக் கதையின் முதல் பாதி 75 கோடிக்கு இறங்கியது, இரண்டாவது 65 கோடிக்கு இன்னும் இறங்கியது. பத்திரிகைகள் சரிவு என்று எழுதின. தயாரிப்பாளரோ கண்ணீர் விட்டிருக்க மாட்டார். ஒரே புத்தகத்திலிருந்து அவருக்கு 140 கோடி டாலர் கிராஸ். வெட்டாமல் விட்டிருந்தால் 86 கோடியே வந்திருந்தாலும் இதைத் தொட்டிருக்க முடியாது.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், படங்கள் ஏன் இன்னும் வெட்டப்படுகின்றன என்பது புரிந்துவிடும். இரண்டாம் பாகம் முதலைவிடக் குறைவாக ஓடினாலும் தயாரிப்பாளருக்கு லாபம். அடி வாங்குவது இரண்டாம் பாகத்தை மட்டும் தனி விலைக்கு வாங்கிய ஆள். அதாவது, பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆள்.

பேராசைக்குத் தண்டனையும் உண்டு. ‘டைவர்ஜென்ட்’ என்று ஒரு தொடர். முதல் இரண்டு படமும் முறையே 28, 29 கோடி டாலர். கடைசிப் புத்தகத்தை வெட்டி 2016-இல் முதல் பாதியை விட்டார்கள். 18 கோடிதான் வந்தது. இரண்டாம் பாதியைத் தொலைக்காட்சிக்குத் தள்ளலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் எடுக்கவே இல்லை. உலகத்தில் அந்தக் கதையை டிக்கெட் வாங்கிப் பின்தொடர்ந்த அத்தனை பேருக்கும் இரண்டாவது கேசட் வரவே இல்லை.

இனி நம்மூர். ஏப்ரல் 28 என்று ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 28-இல் ‘பாகுபலி 2’ வந்தது. 2023 அதே ஏப்ரல் 28-இல் ‘பொன்னியின் செல்வன் 2’ வந்தது. இரண்டும் பள்ளி விடுமுறை. இரண்டும் ராஜா ராணி கதை. இரண்டு நாளும் நான் டியூட்டியில் இருந்தேன்.

‘பாகுபலி’ முதல் பாகம் 2015 ஜூலையில் 600 கோடியை ஒட்டி வசூலித்தது. இரண்டாம் பாகம் 1,700 கோடியைத் தாண்டியது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 500 கோடி பக்கம் வந்தது. இரண்டாம் பாகம் 350 கோடியை ஒட்டி நின்றுவிட்டது. ஒன்று மூன்று மடங்கு ஏறியது, மற்றது மூன்றில் ஒரு பங்கு இறங்கியது.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்: கல்கியின் கதை தமிழர்களுக்குத் தெரியும், முடிவு தெரிந்த கதைக்கு யார் இரண்டாம் தடவை வருவார்கள்? எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கர்ணன் கதை தெரியாதவர்களா எங்கள் பிரட்டுக்களத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகம் 2007-இலேயே வெளிவந்துவிட்டதே, 2011-இல் தியேட்டருக்கு வந்தவர்களில் முடிவு தெரியாதவர்கள் எத்தனை பேர்? தவிர, கேரளத்தில் மலையாளிகள் பெரும்பாலோர் கல்கியைப் படித்தவர்களும் இல்லை. ஆழ்வார்க்கடியானாக வரும் ஜெயராமைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பதே அவர்களுக்குச் செய்தி. அங்கேயும் இரண்டாம் பாகத்துக்குக் கூட்டம் குறைவுதான்.

நான் பார்த்தவரை, விஷயம் காத்திருப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. கல்கி இந்தக் கதையை 1950-இல் பத்திரிகையில் தொடங்கி மூன்றரை வருடம் வாராவாரம் ‘தொடரும்’ போட்டு எழுதினார். எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியிலேயே படமாக்கும் உரிமையை வாங்கினார், முடியவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முயற்சிகள். வந்தியத்தேவனைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது எழுபது வருட ஏக்கம். பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு முதல் பாகத்துக்கு வந்தார்கள். பைண்டு செய்த பழைய கல்கி இதழ்களைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை நானே பார்த்தேன். அந்த எழுபது வருடக் காத்திருப்பு 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் காட்சியில், வந்தியத்தேவன் குதிரையில் வந்த அந்த நிமிடமே முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு மிச்சம் இருந்தது கதை மட்டும்தான். கதைக்கென்று வருகிற கூட்டம் வந்தது. ஏக்கத்துக்காக வந்த கூட்டம் வரவில்லை.

‘பாகுபலி’ தலைகீழ். 2015 ஜூலை 10-க்கு முன்னால் அந்தக் கதையே யாருக்கும் தெரியாது. அதற்காக யாரும் வருடக்கணக்கில் ஏங்கிக் காத்திருக்கவில்லை. முதல் பாகம் முடிகிற இடத்தில்தான் காத்திருப்பே தொடங்கியது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற கேள்வி இருபத்தொரு மாதம் டீக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் கிடந்து ஊறியது. ராஜமௌலி வெட்டிய இடம் அப்படி. கத்தி முதுகில் பாய்ந்தது, பாய்ச்சியவன் அந்தக் குடும்பத்துக்காக உயிரைக் கொடுக்கக்கூடியவன், படம் முடிந்தது. வட்டி ஏறுகிற கடன் மாதிரி. வசூலிக்காமல் ஜனம் விடாது.

இந்த இருபத்தொரு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. தியேட்டருக்கு வராதவர்களும் முதல் பாகத்தை டிவியில் பார்த்தார்கள். எங்கள் முதல் கேசட்டை மூன்று ராத்திரி போட்டது போலத்தான். ‘கேஜிஎஃப்’ முதல் பாகம் 2018-இல் 250 கோடி பக்கம் வசூலித்த கன்னடப் படம். அடுத்த மூன்றேகால் வருடம் இந்தி டிவியிலும் ஓடிடியிலும் ஓடி ஓடி, கன்னடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவனும் ராக்கி பாய் என்று பேச ஆரம்பித்தான். 2022-இல் இரண்டாம் பாகம் வந்தபோது 1,200 கோடி. ‘புஷ்பா’வும் அதே பாதை: 2021 டிசம்பரில் 350 கோடியை ஒட்டி, 2024 டிசம்பரில் 1,600 கோடிக்கு மேல். வீட்டில் ஓசியில் பார்த்தால் தியேட்டர் வசூல் போகும் என்று ஒரு பயம் உண்டு. பிரித்து விடும் படத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். முதல் பாதியை எத்தனை பேர் ஓசியில் பார்க்கிறார்களோ அத்தனையும் லாபம்.

ஆனால் காத்திருப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவில் விளைவதில்லை. உலகமெல்லாம் கொட்டிய ‘புஷ்பா 2’ கேரளத்தில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில் ஃபகத் ஃபாசில் வந்து மிரட்டியதை நம்பி விடியற்காலைக் காட்சிகள் போட்டார்கள். இரண்டாம் பாகத்தில் ஃபகத்துக்கு நேர்ந்த கதி மலையாளிகளுக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமையே தலைகள் குறைந்தன.

காத்திருப்பே இல்லாத இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மறக்காத உதாரணம், எங்கள் ‘கர்ண’னில் கிருஷ்ணராக வந்த என்.டி.ராமராவ்தான். அவருடைய வாழ்க்கையை அவர் மகன் பாலகிருஷ்ணாவே நடித்து இரண்டு படமாக எடுத்தார்கள். ‘கதாநாயகுடு’ 2019 ஜனவரி 9, ‘மகாநாயகுடு’ பிப்ரவரி 22. இடைவெளி ஆறு வாரம். முதல் பாகம் விழுந்தது. விழுந்த படத்தின் மீதியை ஆறே வாரத்தில் கொண்டுவந்து வைத்தால் யார் வருவார்கள்? இரண்டாம் பாகம் முதலைவிட மோசமாக விழுந்தது. முதல் பாகம் தோற்றால் இரண்டாம் பாகத்துக்கு விளம்பரமே எதிரி. ‘இது எதன் தொடர்ச்சி?’ என்று கேட்கிறவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘இந்தியன் 2’ வேறு மாதிரி விபத்து. 1996 படத்தின் தொடர்ச்சியாக ஒரு படம் எடுக்கப் போனவர்கள், எடுத்தது நீண்டுபோய் ‘இந்தியன் 3’ என்று மீதியைத் தனியாக வெட்டி வைத்தார்கள். 2024 ஜூலை 12-இல் வந்த படத்தின் கடைசியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டமும் காட்டினார்கள். தியேட்டருக்குள் நின்று பார்த்தேன். படம் ஓடும்போது எழாத கைதட்டல் அந்த முன்னோட்டத்துக்கு எழுந்தது. அதைவிடப் பெரிய விமர்சனம் ஒரு படத்துக்கு வேண்டாம். மூன்று மணி நேரப் படத்திலிருந்து பன்னிரண்டு நிமிடத்தை வெளியான சில நாளிலேயே வெட்டினார்கள். வசூல் தேறவில்லை. இதை எழுதும்வரை ‘இந்தியன் 3’ தியேட்டருக்கு வரவில்லை.

வெற்றிமாறனின் ‘விடுதலை’யை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஜெயமோகனின் சிறுகதை ஒன்றிலிருந்து சின்னப் படமாகத் தொடங்கி, எடுக்க எடுக்க வளர்ந்து இரண்டானது. 2023 மார்ச்சில் வந்த முதல் பாகத்தில் போலீஸ்காரராக வரும் சூரி, தேடப்படும் போராளித் தலைவரான வாத்தியாரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். கடன் அங்கேயே தீர்ந்துவிட்டது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வாத்தியாரின் கடந்த காலத்தைச் சொல்ல வந்தது. நல்ல படம்தான். ஆனால் வாத்தியார் யார் என்று கேட்டுக்கொண்டு எத்தனை பேர் இருபது மாதம் காத்திருந்தார்கள்?

இப்போது ஒரு புதுப் பழக்கம். வெட்டிய படம் என்பதையே மறைக்கிறார்கள். ‘மிஷன் இம்பாசிபிள்’ ஏழாவது படத்தை 2023-இல் ‘முதல் பாகம்’ என்று பெயரிலேயே சொல்லி விட்டார்கள். அடுத்த வாரமே ‘பார்பி’யும் ‘ஓப்பன்ஹைமரும்’ வந்து அதை அமுக்கின. பிறகு ‘முதல் பாகம்’ என்ற சொல்லையே பெயரிலிருந்து எடுத்துவிட்டு, எட்டாவது படத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். ‘விக்கெட்’ 2024-இல் வந்தபோது போஸ்டரில் பாதிக் கதை என்ற பேச்சே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தபின் திரையில் ‘முதல் பாகம்’ என்று எழுத்து வந்தது. நம்மூரில் இதற்கு நேர் எதிரான நோய். எந்தப் படமானாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு புது வில்லன் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான், ‘பாகம் 2’ என்று எழுத்து விழுகிறது. ‘கங்குவா’வும் 2024 நவம்பரில் அப்படித்தான் முடிந்தது. கடன் கேட்காதவனிடம் நோட்டு எழுதிக் கொடுக்கிற மாதிரி.

மலையாளிகள் இந்த விஷயத்தில் நிதானம். 1988-இல் ‘ஒரு சிபிஐ டைரிக்குறிப்பு’ என்று ஆரம்பித்து மம்மூட்டியின் சேதுராமய்யர் ஐந்து படத்தில் வந்தார், கடைசி 2022-இல். ஒவ்வொன்றிலும் கொலை உண்டு, கொலைகாரன் பிடிபடுவான், படம் முடியும். ‘திரிஷ்யம்’ 2013-இல் முழுசாக முடிந்த கதை. ஏழு வருடம் கழித்து ஜீத்து ஜோசஃப் அந்த முடிந்த கதையைத் தோண்டியே இரண்டாவதை எடுத்தார். பார்த்தவனைப் பாதியில் எழுப்பி அனுப்பியதில்லை.

இரண்டாம் பாகம் ஓடுமா என்று என்னிடம் தியேட்டர்காரர்கள் கேட்பது உண்டு. எம்.ஜி. கட்டி எடுக்கலாமா, அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் கவலை. எம்.ஜி. என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று முன்கூட்டியே கொடுக்கும் உத்தரவாதத் தொகை. நான் முதல் பாகத்தின் மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை மதியக் காட்சியின் டிசிஆரைப் பார்ப்பேன். முதல் நாள் கூட்டம் நடிகருடையது. முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் விளம்பரத்துடையது. மூன்றாவது திங்கள் மதியம் ‘ஹோல்ட் ஓவர்’ தொகைக்குக் கீழே போகாமல், அதாவது தியேட்டர்காரர் படத்தைத் தூக்கலாம் என்ற எல்லைக்குக் கீழே இறங்காமல் நின்றால், அந்தக் கூட்டம் கதையுடையது. கதவருகே நின்று கவனித்தால் தெரியும்: ஏற்கெனவே பார்த்த ஒருவர், பார்க்காத மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். படம் முடிந்ததும் அந்த மூவரும் அவரைச் சூழ்ந்து நின்று அடுத்தது என்ன என்று கேட்பார்கள். ‘பாகுபலி’ முதல் பாகத்தில் இந்தச் சின்னக் கூட்டங்கள் வெளிவாசலை அடைத்துக்கொண்டு நின்றன, செக்யூரிட்டிக்காரர் விரட்ட வேண்டியிருந்தது. ‘பொன்னியின் செல்வ’னில் படம் முடிந்ததும் ஜனம் நேராக பார்க்கிங்குக்குப் போனது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

போனக்காடு இப்போது வேறு ஊர். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது, லயங்கள் பாதிக்கு மேல் காலி. ஜனவரி, பிப்ரவரியில் அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் வருகிறார்கள். மற்ற மாதங்களில் 25 ஜி.பி. என்ற பழைய எஸ்டேட் பங்களாவின் பேயைப் படம் பிடிக்கச் செல்போனோடு பையன்கள் வருகிறார்கள். யூடியூபில் பார்த்தால் அதுவும் பார்ட் 1, பார்ட் 2. பார்ட் 1-இல் ஒரு கதவு ஆடும், பேய் வராது. பார்ட் 2-இலும் வராது. வியூஸ் மட்டும் வரும். பங்களாவுக்கு எதிரே ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்த சித்தி, அங்கே பேயே கிடையாது, அட்டைதான் உண்டு என்கிறாள்.

2025 அக்டோபர் 31-இல் ‘பாகுபலி’யின் இரண்டு பாகத்தையும் சேர்த்து ஒட்டி ‘பாகுபலி: தி எபிக்’ என்று ஒரே படமாக விட்டார்கள். சித்தி முதல் பாகத்தை டிவியில் பார்த்தவள், இரண்டாவதைப் பார்த்ததில்லை. அழைத்துப் போனேன். கட்டப்பா கத்தியை எடுக்கிறான், கொல்கிறான், ஏன் கொன்றான் என்பதும் அதே உட்காரலில் வந்துவிடுகிறது. வெளியே டீ குடிக்கும்போது கேட்டாள்.

“இத மொதல்லயே சேத்துப் போட்டா என்ன மக்களே?”

அறுநூறு கோடிக் கணக்கையும் ஆயிரத்து எழுநூறு கோடிக் கணக்கையும் சொன்னேன். இடையில் இருபத்தொரு மாதம் ஜனங்கள் காத்திருந்ததைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“அப்பம் பிரிச்சதுக்கு ஒரு காசு, ஒட்டுனதுக்கு ஒரு காசு.”

இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடம் இருந்த எனக்கு அதில் திருத்தச் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. படம் மூன்றே முக்கால் மணி நேரம். அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தேன்; அன்றைய டிசிஆரில் அதுவும் சேர்த்தி.